மறுகரை தெரியாத தண்ணீர்

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் சூளையை ஆறவிட்டுவிட்டு நானும் எங்கள் வீட்டுக்காரரும் கேரளத்துக்குக் கிளம்பினோம். வேம்பநாட்டுக் காயலை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக மோட்டார் படகில் கடந்து கடந்தே தெற்கிலிருந்து வடக்கே போவது என்று திட்டம். போய்விட்டு வந்து இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் ராத்திரி படுத்துக் கண்ணை மூடினால் பாய் லேசாக ஆடுகிறது. அந்த ஆட்டம் நிற்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விருத்தாசலத்தில் இருக்கிறவளுக்குப் படகு ஆசை எங்கிருந்து வந்தது? எங்கள் மணிமுத்தாற்றில் முழு ஆளை நனைக்கும் தண்ணீர் ஓடுகிற நாட்கள் வருஷத்தில் கொஞ்சம்தான். ஆனால் நான் பிறந்தது காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரிக்கரையில். சோழ இளவரசன் ராஜாதித்தன் காலத்து ஏரி. தன் அப்பா பராந்தகனுடைய பட்டப்பெயரை வைத்து வீரநாராயணன் ஏரி என்றான். வாய்க்கு வாய் தேய்ந்து வீராணம் ஆகிவிட்டது. கரையின் நீளம் சுமார் 16 கிலோமீட்டர். கல்கி 'பொன்னியின் செல்வ'னை அந்தக் கரையில்தான் தொடங்குகிறார். 2004இலிருந்து சென்னைக்காரர்கள் குடிப்பதும் எங்கள் ஏரித் தண்ணீர்தான்.

சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்து கரை மேலேயே போவேன். பக்கத்திலேயே தண்ணீர் கூட வரும். "எதுக்குப்பா சுத்திப் போறோம், குறுக்கால போலாமே" என்று கேட்டால், "ஏரி நாத்துக்கும் வாய்க்கும்தாம்மா, போக்குவரத்துக்கு இல்ல" என்பார். சரியான பதில்தான். எனக்கு மட்டும் அது போதவில்லை. தண்ணீர் நடுவில் நின்று கரையைத் திரும்பிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அப்போது நினைத்தது 40 வருஷமாக மனசுக்குள்ளேயே கிடந்தது.

கல்யாணமாகி விருத்தாசலம் வந்து 24 வருஷம். எங்கள் வீட்டுக்காரர் எங்க ஊர் செராமிக் பாலிடெக்னிக்கில் படித்தவர். சின்னதாக ஒரு ஷெட் வைத்திருக்கிறோம். களிமண்ணைக் கூழாகக் கரைத்தால் ஸ்லிப். அதை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, அச்சு தண்ணீரை உறிஞ்சினதும் மிச்சத்தை வடித்து, பச்சைப் பொம்மையைப் பிரித்து, காயவைத்து, சூளை ஏற்றி இறக்குவது வரை அவர் வேலை. வெந்து வந்த பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது என் வேலை. அதிலும் கண் எழுதுவது. புரட்டாசி கொலுவுக்குப் பொம்மை, அது முடிந்த கையோடு கார்த்திகைக்கு அகல் விளக்கு என்று ஆடி மாசத்திலிருந்து மூச்சு விட நேரம் இருக்காது. ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் அவர் சூளைப் பக்கம், நான் ஜன்னல் பக்கம். சும்மா பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாள் எது என்று இந்தப் பயணத்தில் யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

ரயில் மாற வேண்டிய வேலையே இல்லை. சென்னையிலிருந்து குருவாயூர் போகும் எக்ஸ்பிரஸ் எங்கள் ஜங்ஷனில் நின்று, திருச்சி, மதுரை, நாகர்கோவில் என்று தெற்கே இறங்கி, திருவனந்தபுரத்தில் வளைந்து ஆலப்புழை வழியாகத்தான் போகிறது. பகலில் ஏறினோம், விடிவதற்கு முன்னால் ஆலப்புழையில் இறங்கினோம். கையில் புளிச்சோற்றுத் தூக்கு, ஒரு பை, அவ்வளவுதான்.

ஆலப்புழை என்றதும் எல்லாரும் சொல்வது வீட்டுப் படகு. அதில் போக நாங்கள் நினைக்கவில்லை. எங்களுக்கு ஊர்க்காரர்கள் ஏறி இறங்கும் படகுதான் வேண்டியிருந்தது. கேரள அரசுக்கு நீர்வழிப் போக்குவரத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. 1968இல் தொடங்கினார்கள், தலைமையகம் ஆலப்புழையிலேயே. நம்ம ஊரில் டவுன் பஸ் எப்படியோ அங்கே படகு அப்படி. மீன் கூடையோடு அக்காமார், சீருடையில் பிள்ளைகள், மருந்துப் பையோடு ஒரு தாத்தா. ஜெட்டிக்கு ஜெட்டி நிறுத்தம். கட்டணமும் பஸ் டிக்கெட் கணக்குதான்.

முதல் கடப்பு ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு, சுமார் இரண்டரை மணி நேரம். மரப்பலகை இருக்கையில் இவருக்கு வலது பக்கமாக உட்கார்ந்தேன்.

படகு கிளம்பின சத்தத்தை விட எனக்குப் பிடித்தது அது கிளம்பின முறை. முன்னால் உயரத்தில் சக்கரத்தைப் பிடித்து நிற்கிறவர் ஸ்ராங்க். அவர் கையில் திசை மட்டும்தான் இருக்கிறது. எஞ்சின் படகின் நடு வயிற்றில். அதன் பக்கத்தில் டிரைவர். அவருக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கயிறு, கயிற்று முனையில் ஒரு மணி. ஸ்ராங்க் கயிற்றை இழுக்கிறார், மணி அடிக்கிறது, டிரைவர் வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார், பின்னால் இழுக்கிறார். ஜெட்டி வந்தால் கயிற்றை வீசிக் கட்ட லஸ்கர்கள், டிக்கெட்டுக்கு போட் மாஸ்டர். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் அந்தப் பெரிய படகைப் படித்துறைக் கல்லில் உரசாமல் கொண்டுபோய் ஒட்டவைக்கிறார்கள். இவர் எழுந்து போய் எஞ்சின் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்து, "பாக்குறவரு கையில எஞ்சின் இல்ல, எஞ்சின வச்சிருக்கிறவருக்கு வழி தெரியல. மணிய நம்பி ஓட்டுறாங்கம்மா" என்றார்.

கால்வாய் அகன்று அகன்று, ஒரு திருப்பத்தில் இரண்டு பக்கத் தென்னைகளும் விலகிப் போய்விட்டன. எதிரே தண்ணீர், அதற்கு மேல் வானம், வேறொன்றும் இல்லை. இந்தியாவிலேயே நீளமான ஏரி இது. 96 கிலோமீட்டருக்கு மேல், ஆலப்புழை, கோட்டயம், எர்ணாகுளம் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. பம்பை, மணிமலை, மீனச்சில், அச்சன்கோவில், மூவாற்றுப்புழை என்று மலையிலிருந்து வருகிற ஆறுகள் எல்லாம் இதில் இறங்கி, கொச்சியில் கடலோடு சேர்கின்றன. 2002இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். இதெல்லாம் மகள் அச்செடுத்துக் கொடுத்த தாளில் இருந்தது. படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். மறுகரை தெரியவில்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இவர் முழங்கையால் தொட்டு ஒரு பக்கமாகக் காட்டினார். ஏரிக்கு நடுவே ஒரு வரப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் பச்சை நெல். ஆனால் நெல் எங்களுக்குக் கீழே இருந்தது. படகில் உட்கார்ந்துகொண்டு வயலைக் குனிந்து பார்த்தேன். குட்டநாடு என்கிற இந்தப் பகுதியின் வயல்கள் கடல் மட்டத்துக்கு 1 மீட்டரிலிருந்து 3 மீட்டர் வரை தாழ்வாக இருக்கின்றன. ஏரிக்குள்ளே தென்னங்கழிகளை நட்டு, மூங்கில் தட்டி கட்டி, மணலும் தழையும் போட்டு, மேலே ஏரியின் அடிக்களிமண்ணையே முங்கி எடுத்து அப்பி வரப்பு எழுப்பி, உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே இறைத்துவிட்டு விதைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாத்திக்கும் ஆங்கில எழுத்தில் பெயர்: ஆர் பிளாக் வரை கேள்விப்பட்டேன். கடைசியாக எழுந்த மூன்றுக்கு மட்டும் திருவிதாங்கூர் அரச குடும்பத்துப் பெயர்கள்: சித்திரை, மார்த்தாண்டம், ராணி. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பஞ்சத்தில் மன்னர் சித்திரைத் திருநாள் அனுமதி கொடுக்க, முரிக்கன் என்ற விவசாயி முன்னின்று எழுப்பியவை. தண்ணீர் இறைக்க முன்னே ஆட்கள் மரச்சக்கரத்தை மிதித்தார்கள். பின்னே பிரண்டன் என்ற வெள்ளைக்கார என்ஜினியர் கண்டுபிடித்த 'பெட்டியும் பறையும்' வந்தது. மரப்பெட்டியும் பீப்பாயும் சேர்ந்த ஒரு பம்பு.

இவருக்குக் களிமண் என்றால் போதும். அடுத்த ஜெட்டியில் படகு நின்றபோது கரையிலிருந்து ஒரு பிடி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். கறுப்பு, வழவழப்பு. "இது சூளையில நிக்காது, வெடிச்சிடும். ஆனா தண்ணியத் தடுக்க இத விட நல்ல மண்ணு கிடைக்காது" என்றார். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்த வெள்ளைக் களிமண்ணை அவர் இப்படித்தான் தேய்த்துப் பார்ப்பார். முங்கி முங்கி அந்தச் சேற்றை அள்ளின கூலிக்காரர்கள் யாருடைய பெயரும் எந்தப் பாத்திக்கும் வைக்கப்படவில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. எங்கள் பொம்மைகளின் அடியிலும் கண் எழுதின பெண்களின் பெயர் இருப்பதில்லை.

கோட்டயம் நெருங்கும்போது மறுபடி கால்வாய். மேலே குறுக்கே நடைபாலங்கள், படகு வந்தால் கயிறு இழுத்துத் தூக்கிவிடுகிற பாலங்கள். ஒரு பாலத்தில் சைக்கிளோடு வந்த பையன் பாலம் இறங்கும் வரை காலை ஊன்றி நின்றான். படகுக்கு வழி விட்டு ரோடு காத்திருந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

அன்று ராத்திரி குமரகத்தில் ஒரு வீட்டில் தங்கினோம். அந்த வீட்டம்மா கண்ணிமாங்காய் ஊறுகாயை எடுத்து வந்த ஜாடி மேலே பழுப்பு, கீழே வெள்ளை. அங்கே அதற்குப் பரணி என்று பெயர். இவர் காலி ஜாடி ஒன்றைக் கேட்டு வாங்கித் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தார். கிளேஸ் படாத அந்த வளையத்தைப் பார்த்தால் மண் எப்படி, சூடு எவ்வளவு ஏறியது என்று சொல்லிவிடுவார். அந்த அம்மா ஏதோ குறை கண்டுபிடிக்கிறார் என்று பயந்துவிட்டார்கள். நாங்கள் பீங்கான்காரர்கள் என்று விளக்கினதும் சிரித்து, கூட ஒரு கரிமீன் வைத்தார்கள்.

மறுநாள் குமரகத்திலிருந்து முகம்மைக்கு. ஏரியின் விரிந்த வயிற்றை நேராகக் கடக்கிற பாதை. காற்று எதிரே அடித்தது, தண்ணீர் முகத்தில் தெறித்தது. இந்தப் பாதையில்தான் 2002 ஜூலை 27 காலையில் முகம்மையிலிருந்து வந்த படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். அரசு வேலைக்கான தேர்வு எழுதக் கிளம்பினவர்கள் நிறையப் பேர் அந்தப் படகில் இருந்தார்கள். கைக்குழந்தையும் போனது. எனக்கு இது முன்பே தெரியும். படகு நடு ஏரிக்கு வந்தபோது எழுந்து நின்று கும்பிட்டேன். எதிரே இருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. அவரும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். தண்ணீரைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் அது எடுத்துக்கொண்டவர்களையும் ஒரு நிமிஷம் நினைக்க வேண்டும் என்பது எங்கள் அப்பா ஏரிக்கரையில் சொல்லிக்கொடுத்தது.

முகம்மைக் கரையில் சிப்பி ஓடு மலை மலையாகக் குவிந்திருந்தது. கறுப்புச் சிப்பி. அங்கே கக்கா என்கிறார்கள். முங்கி அள்ளி, அவித்து, சதையைப் பிரித்து விற்றுவிட்டு ஓட்டைச் சுண்ணாம்புக்கு அனுப்புகிறார்கள். ஏரியடியில் காலகாலமாகப் படிந்த ஓட்டைத் தோண்டித்தான் கோட்டயத்தில் திருவிதாங்கூர் சிமெண்ட் ஆலை வெள்ளைச் சிமெண்ட் செய்தது. அதற்குப் பெயரே 'வேம்பநாடு'. இவர் இரண்டு ஓட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கிளேஸ் உருகச் சுண்ணாம்பு வேண்டும், அரைத்துச் சேர்த்துப் பார்க்கிறேன் என்றார்.

அங்கே ஒரு சின்ன மோட்டார் படகை வாடகைக்குப் பேசினோம். பாதிராமணல் தீவைச் சுற்றி, அப்படியே வடக்கே கொஞ்ச தூரம் போய் வருவதாக ஏற்பாடு. தீவு முழுக்கக் காடு, கிளைகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு இருந்தன. தீவைத் தாண்டி அரை மணி நேரம் போயிருப்போம். எஞ்சின் இருமிற்று, அடங்கிற்று. விசிறியில் ஆகாயத்தாமரை வேர் கயிறாகச் சுற்றிக்கொண்டிருந்தது. படகுத் தம்பி, "சேச்சி, பேடிக்கண்டா", பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கத்தியை வாயில் கவ்விக்கொண்டு இறங்கிவிட்டான். தண்ணீர் அவன் நெஞ்சளவுதான்.

ஆகாயத்தாமரை அங்கே அவ்வளவு மண்டக் காரணம் இருக்கிறது. கடல் உப்பு வயலுக்குள் ஏறாமல் இருக்கத் தண்ணீர்முக்கத்தில் ஏரிக்குக் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினார்கள். பனிக்காலத்தில் மதகை இறக்கினால் கோடை வரை தெற்குப் பக்கம் நல்ல தண்ணீராக நிற்கும். நெல் பிழைக்கும். ஆனால் உப்பு வந்து கொல்ல வேண்டிய ஆகாயத்தாமரையும் பிழைக்கும். உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் வளர வேண்டிய மீனும் சிப்பியும் குறையும். நெல்லுக்காரனும் மீன்காரனும் மதகை எப்போது தூக்குவது என்று இன்று வரை வாதாடுகிறார்கள். நெல் வீட்டில் பிறந்தவள் நான். என்றாலும் அந்தக் கொடிக் கூட்டத்துக்கு நடுவே நின்றபோது, மீன்காரர்கள் கேட்கிற நாட்களையும் ஏரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது.

எஞ்சின் நின்றதும் வந்த அமைதி பெரிதாக இருந்தது. இரண்டு நாளாகக் காதில் இருந்த இரைச்சல் போய், படகின் அடியில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது. அவர் சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன். கையில் தூரிகை இல்லை, அடுப்பில் ஒன்றும் இல்லை. அப்போது வாயில் தானாக வந்துவிட்டது.

"ஏங்க, எனக்குக் கண்ணு எழுத முடியலைங்க. கிட்ட கொண்டாந்தா ரெண்டு ரெண்டா தெரியுது."

ஆறேழு மாசமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரையில் பார்வை போனது. டாக்டரிடம் போனால் அதையேதான் சொல்வார் என்று பயந்து போகாமலே இருந்தேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தபடியே, "தெரியும்மா" என்றார்.

"எப்படிங்க?"

"ஆடியிலேர்ந்து உன் மேசைக்கு முழ உயரப் பொம்மைதானே வருது. சின்னதெல்லாம் எதிர் ஷெட்டுப் பொண்ணுங்களுக்குப் போவுது."

இந்த வருஷம் பெரிய பொம்மைக்கு ஆர்டர் ஜாஸ்தி என்றுதான் நான் நினைத்திருந்தேன். தசாவதாரம், கிருஷ்ணன், செட்டியார் ஜோடி என்று எல்லாமே பெரிது பெரிதாக வந்தது. கண் பெரிது, எழுத முடிந்தது. அதனால்தான் இத்தனை மாசம் ஓட்ட முடிந்தது. அவர் கணக்குப் பார்த்து, கூலி கொடுத்துச் சின்னதை வெளியே அனுப்பியிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏன் சொல்லலீங்க?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் நானும் சொன்னேன். "உங்க இடது காது மந்தமாயிடுச்சு. சூளை புளோயர் சத்தம். ரெண்டு வருஷமா நான் வலது பக்கம்தான் உக்காருறேன். ரயில்லயும் படகுலயும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். நான் வலது பக்கம்தான் இருந்தேன். படகுத் தம்பி ஈரம் சொட்டச் சொட்ட ஏறி வந்து, வெட்டின வேர்க் கொத்தைக் காட்டி, எஞ்சினை இழுத்துவிட்டான்.

சாயங்காலம் பஸ் பிடித்துத் தண்ணீர்முக்கம் அணை மேலேயே கிழக்குக் கரைக்கு வந்து வைக்கம் சேர்ந்தோம். வைக்கம் தமிழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய ஊர் இல்லை. மகாதேவர் கோயிலைச் சுற்றின தெருக்களில் எல்லாச் சாதிக்காரர்களும் நடக்க உரிமை கேட்டு 1924 மார்ச் 30இல் தொடங்கிய சத்தியாகிரகம் 1925 நவம்பர் வரை நடந்தது. பெரியார் வந்து இரண்டு முறை சிறை போனார். முதல் சிறை இதே காயல் கரையில், வடக்கே அரூக்குட்டியில். அவரோடு நாகம்மையாரும் வந்தார், பெண்களைத் திரட்டிக்கொண்டு மறியலுக்கு நின்றார். 2024 டிசம்பர் 12இல் புதுப்பித்துத் திறந்த பெரியார் நினைவகத்தில் மறுநாள் காலை ஒரு மணி நேரம் இருந்தோம். வெளியே வந்து வெயிலில் நடக்கும்போது எனக்கு நாகம்மையார் நினைப்பாகவே இருந்தது. ஈரோட்டிலிருந்து பாஷை தெரியாத ஊருக்கு வந்து, புருஷன் சிறைக்குள்ளே இருக்க, வெளியே தெருவில் நின்ற மனுஷி. அந்தப் போராட்டத்துக்காக 1925 மார்ச்சில் காந்தி வந்து இறங்கினது இங்கேயுள்ள பழைய படகுத்துறையில்தான்.

கடைசிக் கடப்பு வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு. படகின் பெயர் ஆதித்யா. 75 பேர் உட்காரலாம். 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய, இந்தியாவின் முதல் சூரிய ஒளிப் பயணிகள் படகு. கூரை முழுக்கத் தகடுகள். டீசல் வாடை இல்லை, பலகை அதிரவில்லை. பேசினால் கேட்கிறது. இவர் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்தார். "உப்பும்மா" என்றார். அணைக்கு வடக்கே வந்துவிட்டோம். எழுந்து நின்று திரும்பிப் பார்த்தேன். வைக்கம் ஜெட்டி, பின்னால் மரங்கள், எல்லாம் மெல்லச் சின்னதாகிக்கொண்டு போயின. நடுத் தண்ணீரிலிருந்து கரையைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அப்பாவிடம் கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது. இப்போது இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். சேர்த்தலையில் ரயில் ஏறினோம்.

வந்த வாரமே கண் டாக்டரிடம் போனோம். வெள்ளெழுத்து என்றார், சர்க்கரையும் எல்லைக் கோட்டில் நிற்கிறது, கவனம் என்றார். கண்ணாடி போட்டிருக்கிறேன். இரண்டங்குலப் பிள்ளையாருக்கு நேற்று கண் எழுதினேன். அவர் காதுக்கும் நாள் குறித்தாகிவிட்டது.

முந்தாநாள் சூளையிலிருந்து இறக்கினதில் ஒரு பீங்கான் மணி இருந்தது. ஆர்டரில் இல்லாதது. கிளேஸ் கொஞ்சம் வேறு மாதிரி, லேசான பால் நிறம். முகம்மைச் சிப்பி ஓடு. என் ஜன்னலிலிருந்து அவர் நிற்கிற இடம் வரை உத்தரத்தோடு நூல் கயிறு ஓட்டி, மணியைத் தன் பக்கம் கட்டிக்கொண்டிருந்தார். டீ ஆனதும் இழுத்தேன். நாக்குக்குப் போல்ட்டு கட்டியிருந்ததால் சத்தம் கொஞ்சம் கனமாக வந்தது. முதலில் இடது பக்கம் கட்டியிருந்தார். நான் போய் அவிழ்த்து வலது பக்கம் மாற்றிக் கட்டிவிட்டு வந்தேன்.